பேசின் பிரிட்ஜில் நின்ற விமானம்

மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் கணவரிடமிருந்து எங்களுக்கு விசா வந்த அன்று வீட்டில் எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். காபி குடித்து முடித்த பிறகுதான் மாமியார் மெதுவாக ஆரம்பித்தார்.

"எம்மா, நீ முதல்ல போயி வீட்ட ஒழுங்கு பண்ணு. பிள்ள எங்ககிட்ட இருக்கட்டும். ஒரு ஆறு மாசம் கழிச்சுப் பாத்துக்கிடலாம். அங்க தண்ணி ஒத்துக்கிடுமோ என்னமோ."

என் மகளுக்கு அப்போது இரண்டே கால் வயது. தன் அப்பாவை அவள் ஒரே ஒரு விடுமுறை அளவுக்குத்தான் பார்த்திருந்தாள். மாமியார் சொன்னதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையிலேயே இரண்டு வீடுகளில் அப்படிக் குழந்தைகளை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அந்தக் குழந்தைகள் நன்றாகவே வளர்ந்தன. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பி.எஸ்ஸி. படித்தவள்தான் நான். ஆனாலும் பெரியவர்கள் முன்னால் 'முடியாது' என்ற சொல் தொண்டையைத் தாண்டி வராது. "சரி அத்தை" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனேன். தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மாமனார் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தார். அவருக்கு உலகத்தில் இரண்டே வகைப் பொருட்கள்: தேறியவை, தேறாதவை. முன்னதை நீலப் பென்சிலில் குறிப்பார், பின்னதைச் சிவப்பில். கத்தரிக்காய்கூட அவர் கையில் இரண்டு சுற்று சுற்றிய பிறகுதான் பைக்குள் போகும்.

"ஒரு ட்ரையல் பாத்திருவோம்" என்றார் மாமியாரிடம். "ட்ரையல் பாக்காம ஒரு நட்டக்கூட நாங்க வெளிய விடுறதில்ல. பிள்ள பெல்ட்டக் கட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் அழாம உக்காருதான்னு பாப்போம். சாம்பிள் தேறிட்டா லாட்டு முழுக்கத் தேறின மாதிரி. உக்காந்தா போகட்டும். இல்லன்னா இங்க இருக்கட்டும்."

விமானத்துக்குப் பதிலாக ஆவடியிலிருந்து சென்ட்ரல் போகும் மின்சார ரயில். பெல்ட்டுக்குப் பதிலாக மாமனாரின் ஈரிழைத் துண்டு.

முதல் ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். அண்ணனூரில் துண்டு அவிழ்ந்தது. அம்பத்தூரில் ஜட்டி நனைந்தது. கொரட்டூரில் ஏறிய கொய்யாப்பழக்காரியோடு போய்விடுவேன் என்று அழுதாள். வில்லிவாக்கத்தில் தாத்தாவின் கண்ணாடிக் கூட்டை ஜன்னல் வழியாக வெளியே போட்டாள். மாமனார் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து டைரியில் ஏதோ எழுதினார். நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது.

"அஞ்சு வாரம் கழிச்சு இன்னொரு சான்ஸ்" என்றார்.

அந்த ஐந்து வாரங்களில் நான் செய்தது சரியா என்று இன்றுவரை யோசிக்கிறேன். பாஸ்போர்ட் வேலை, தையல் கடை, தோழி வீடு என்று வாரம் இரண்டு பொய் சொல்லி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பதினொரு மணி வண்டி ஏறினேன். அழாமல் உட்கார்ந்தால் சென்ட்ரலில் இறங்கியதும் ரோஸ்மில்க். அழுதால் கிடையாது. முதல் இரண்டு தடவை கிடையாது. மூன்றாவது தடவை அரை டம்ளர். அதற்குப் பிறகு அவளே துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு வாசலில் நிற்க ஆரம்பித்தாள்.

ஒரே ஒரு சிக்கல்தான் மிச்சம். அந்தத் தடத்தில் போனவர்களுக்குத் தெரியும், சென்ட்ரல் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் பேசின் பிரிட்ஜில் வண்டி நின்றுவிடும். காரணம் யாருக்கும் தெரியாது, கேட்பவர்களும் இல்லை. "சிக்னல் விழலைடா கண்ணு" என்று நான் சொல்வேன். அவளும் பக்கத்தில் இருப்பவர்களிடம் திரும்பி, "சிக்னல் விழல" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வாள்.

இரண்டாவது ட்ரையலில் அவள் அசையவில்லை. மாமனார் வேண்டுமென்றே கொய்யாப்பழக்காரியைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தும் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. சென்ட்ரலில் இறங்கியதும் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக ரோஸ்மில்க் கடைக்குப் போனாள். கடைக்காரர் சிரித்தார்.

"வா பாப்பா. இன்னிக்கு தாத்தாவ இட்டுகினு வந்துகிறியா? டெய்லி அம்மாவோடதான வருவ?"

எனக்குக் காதுவரை சூடேறியது. மாமனார் என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், பிறகு டம்ளரைப் பார்த்தார்.

"தேறாதத ரீவொர்க் பண்ணித் தேத்தியிருக்க போல" என்றார்.

நீலப் பென்சிலை எடுத்து எழுதினார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னார்: "இது பட்டறைக்குள்ள பாக்குற ஷாப் ட்ரையல்தான். நிஜ ட்ரையல் பிளேன்லதான். போயிச் சேந்ததும் நடந்தத நடந்தபடி எழுதணும். பிள்ள ரொம்பக் கஷ்டப்பட்டிருந்தா, அடுத்த மாசம் மஸ்கட்லருந்து லீவுல வாற நம்ம எதிர்வீட்டுப் பையனோட திருப்பி அனுப்பிரு. அவன் சரின்னு சொல்லிட்டான்."

ஆக, தேறியும் தேறவில்லை.

கிளம்புவதற்கு முதல் நாள் பக்கத்து வீட்டு அக்கா ஒரு சின்ன பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார். இருமல் மருந்து. "அரை மூடி ஊத்து. மஸ்கட் போயித்தான் கண்ணைத் தொறக்கும்." வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

விமானம் ஏறியது நன்றாகவே நடந்தது. பெல்ட்டைப் பார்த்ததும் மகள் அதன் கொக்கியை இரண்டு முறை தட்டிச் சோதித்துவிட்டு உட்கார்ந்தாள். இன்ஸ்பெக்‌ஷன் ரத்தம். மேகங்களைப் பார்த்து "அண்ணனூர்" என்றாள். நானும் மறுக்கவில்லை. தட்டில் வந்த ரொட்டியைப் பாதி தின்று, மீதியை என் புடவை மடிப்பில் பத்திரமாகச் செருகினாள்.

வழியில் திருவனந்தபுரத்தில் ஒரு மணி நேரம் நிற்கும் என்று டிக்கெட்டிலேயே இருந்தது. அதை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஆனால் அது என்ன செய்யும் என்று யோசிக்கத் தோன்றவில்லை. விமானம் இறங்கி, ஓடி, நின்றது. சிலர் எழுந்து பைகளை எடுத்தார்கள்.

"சென்ட்ரல்" என்றாள் மகள். பெல்ட்டைத் தானே இழுத்துப் பார்த்தாள். "அம்மா, ரோசுமிக்கு."

"இன்னும் வரலைடா கண்ணு. இங்கே இறங்கக் கூடாது."

அவள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. பேச்சு மாறியவள் நான்தான். ஐந்து வாரமாக ஒப்பந்தப்படி நடந்துகொண்ட குழந்தை அவள். முதலில் உதடு துடித்தது, பிறகு அழுகை வெடித்தது. துண்டு இல்லாமல், கொய்யாப்பழக்காரி இல்லாமல், அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் திரும்பி வந்தது. பணிப்பெண் மிட்டாய் கொடுத்தாள். மிட்டாய் மூன்று வரிசை தள்ளிப் போய் விழுந்தது.

இன்னும் மூன்றரை மணி நேரம். மாமனாருக்கு எழுத வேண்டிய கடிதம் வரி வரியாகக் கண்முன் ஓடியது. கை தானாகக் கைப்பைக்குள் போனது. பாட்டிலின் மூடியைத் திருகியும்விட்டேன். அரை மூடியா, கால் மூடியா? கால் மூடியில் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. ஆகிவிட்டால்?

நடைபாதைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் குனிந்து பார்த்தார். ஐம்பது வயது இருக்கும். மடித்துவிட்ட முழுக்கை, சட்டைப் பையில் சீப்பு.

"இன்னா தங்கச்சி, பாப்பா இன்னாத்துக்கு இந்தக் கத்து கத்துது?"

வெட்கத்தோடு சொன்னேன். ஆவடியிலிருந்து சென்ட்ரல் போய்ப் பழக்கியது, சென்ட்ரல் வந்துவிட்டதாக அவள் நினைப்பது, எல்லாம்.

"ஆவடியா? நான் பக்கத்துல சேக்காடு" என்றார். மஸ்கட்டில் லாரி ஓட்டுகிறவராம். எழுந்து வந்து எங்கள் ஜன்னல் வழியாக வெளியே நிதானமாகப் பார்த்தார். பிறகு மகளிடம் திரும்பினார்.

"சென்ட்ரலா? எவன் சொன்னான்? பேசின் பிரிட்ஜ்மா இது. சிக்னல் வுழல. வண்டி சொம்மா நின்னுகினு கீது."

அழுகை நடுவில் நின்றது. மகள் ஜன்னலில் மூக்கை வைத்துப் பார்த்தாள். அங்கே ஒரு கம்பத்தின் உச்சியில் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அது போதுமாக இருந்தது.

"சிக்னல் விழல" என்றாள் என்னிடம், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. கையைக் கட்டிக்கொண்டாள்.

"எப்ப வுழுமோ. முப்பது வருசமா நானும் கேட்டுகினு கீறேன்" என்றார் அவர்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "எறங்கி ட்ராக்ல நடந்தா பத்து நிமிசம், மாமே."

"நீ நட. போ."

விமானம் மறுபடி கிளம்பியபோது மகள் அவரைச் சந்தேகமாகப் பார்த்தாள். வண்டி ஓடுகிறதே, சென்ட்ரல் எங்கே?

"லூப் லைன்ல வுட்டுட்டான் கண்ணு. சுத்திகினுதான் போவான்."

அதையும் ஒப்புக்கொண்டாள். ஆவடிக் குழந்தைக்கு ரயில்வேயின் மேல் பெரிய எதிர்பார்ப்புகள் கிடையாது. கொஞ்ச நேரத்தில் என் மடியில் தூங்கிப்போனாள். நான் பாட்டிலின் மூடியை இறுக்கி மூடினேன். ஒரு பொய்யைச் சமாளிக்க இத்தனை பொய்யா என்று மனம் குடைந்துகொண்டே இருந்தது; ஆனால் தூங்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படிக் குடைய முடியவில்லை.

மஸ்கட்டில் என் கணவர் கையை நீட்டியதும் மகள் அவரிடம் போகவில்லை. முதலில் தரையைப் பார்த்தாள், பிறகு கூரையை.

"சென்ட்ரலா?" என்று கேட்டாள்.

"ஆமாம், சென்ட்ரல்" என்றேன். "முதலில் இவளுக்கு ரோஸ் கலரில் ஒரு பால் வாங்கிக்கொடுங்கள். மற்றதெல்லாம் பிறகு."

அவர் ஒன்றும் புரியாமல் ஓடினார். ஸ்ட்ராபெரி பால் அட்டைப்பெட்டியோடு வந்தார். அதை உறிஞ்சிக்கொண்டே அவர் தோளில் ஏறினாள். இன்னொரு கையால் அவர் மீசையைப் பிடித்து இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

மாமனாருக்கு மூன்று கடிதம் எழுதினேன். குழந்தை அழவே இல்லை என்று எழுதியதைக் கிழித்தேன். நடந்தது முழுவதையும், பாட்டில் உட்பட, நாலு பக்கம் எழுதியதையும் கிழித்தேன். மூன்றாவதில் இரண்டே வரி: 'வண்டி பேசின் பிரிட்ஜில் ரொம்ப நேரம் நின்றுவிட்டது மாமா. அங்கே மட்டும் கொஞ்சம் பலமாக அழுதாள்.' தபாலில் போட்ட பிறகு, அவர் எழுதச் சொன்னபடிதான் எழுதினேனா என்று பதினெட்டு நாள் தவித்தேன். எதிர்வீட்டுப் பையன் ஊருக்குப் போகும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

பதில் வந்தது. மாமியார் மூன்று பக்கம் நார்த்தங்காயைப் பற்றி எழுதியிருந்தார். அடியில் மாமனாரின் கையெழுத்து, நீலப் பென்சிலில்:

'பேசின் பிரிட்ஜில் நிற்பது வண்டியின் குறை. பிள்ளையின் குறை அல்ல. தேறியது. நேற்று சென்ட்ரல் போயிருந்தேன். ரோஸ்மில்க் கடைக்காரர் பாப்பா எங்கே என்று கேட்டார்.'