ஒன்று தசம் ஏழு சதுர மீற்றர்

என் கணவருக்குக் குடலில் இருந்த புற்றுநோயை வெட்டி எடுத்த பிறகு, மருந்து ஏற்றத் தொடங்கிய மாதத்தில் நான் தரம் பதினொன்றுக்குத் திண்மங்களின் மேற்பரப்பளவு படிப்பித்துக்கொண்டிருந்தேன். பேசாலையிலிருந்து அடம்பனுக்கு இரண்டு பஸ் ஏறிப் போய்ப் படிப்பித்துவிட்டு வருவேன். மருந்து ஏற்றும் நாட்களில் மட்டும் லீவு போட்டுவிட்டு அவரோடு யாழ்ப்பாணத்துக்குப் போவேன்.

அவர் கடற்றொழில் செய்பவர். நல்ல உயரம். வருத்தம் என்று ஒரு நாளும் படுத்ததில்லை. டொக்டர் விஷயத்தைச் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் டொக்டரின் மேசையில் இருந்த பேனைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் வரும் என்று காத்திருந்தேன். அன்று வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. ஊசி போட்ட பல்லைப் போல எனக்குள் ஒரு பக்கம் விறைத்துக் கிடந்தது.

முதல் தடவை மருந்து ஏற்றப் போனபோது தாதி அவரை நிறுத்தாள். பிறகு சுவரோடு நிற்கவைத்து உயரமும் அளந்தாள். நிறை சரி, உயரம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டேன்.

“உடம்பின்ர மேற்பரப்பு எவ்வளவெண்டு பாத்துத்தான் இந்த மருந்தை அளக்கிறது, அக்கா” என்றாள் அவள். “உயரத்தையும் நிறையையும் பெருக்கி, மூவாயிரத்து அறுநூறால பிரிச்சு, வர்க்கமூலம் எடுக்கோணும்.”

நூற்றெழுபது சென்ரிமீற்றர், அறுபத்திரண்டு கிலோ. ஒன்று தசம் ஏழு ஒன்று சதுர மீற்றர் என்று மட்டையில் எழுதினாள். எங்கள் வீட்டுக் கதவின் ஒரு பக்கம் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும்.

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி முடியப் பின்னேரம் ஆகும். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குச் செபம் வாயில் வரவில்லை. சும்மா இருக்கவும் முடியவில்லை. அந்தச் சூத்திரம் சரிதானா என்று பார்க்கலாமே என்று தோன்றியது.

தலையை ஒரு கோளமாக எடுத்துக்கொண்டேன். நெஞ்சும் வயிறும் ஒரு பெரிய உருளை. கைகளும் கால்களும் நான்கு ஒடுங்கிய உருளைகள். உருளைகளின் முனை வட்டங்களைச் சேர்க்கவில்லை. சுற்றளவு தெரிந்தால் போதும், அதை நீளத்தால் பெருக்க வளைபரப்பு வந்துவிடும். என் சாண் எத்தனை சென்ரிமீற்றர் என்று எனக்குத் தெரியும். அவருடைய தொடையைச் சுற்றிச் சாண் வைத்தேன். பிறகு முழங்கையைச் சுற்றி. தோல் சூடாக இருந்தது.

“என்ன செய்யிறாய்?” என்று கேட்டார்.

கணக்குப் பார்க்கிறேன் என்றேன். சரி என்று கண்ணை மூடிக்கொண்டார். மற்றக் கையை நான் கேட்காமலே நீட்டிவிட்டார்.

ஃபோனில் கூட்டிப் பார்த்தேன். ஒன்று தசம் ஏழு மூன்று வந்தது. தாதியின் விடைக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன். அந்த மாதங்களில் எனக்குச் சந்தோசம் என்று ஒன்று வந்தது அப்போது மட்டும்தான். அதுவும் சேலைன் போத்தல் மாற்ற ஆள் வரும்வரைதான் இருந்தது.

அடுத்த நாள் பாடசாலையில் கூம்பு. மட்டையில் வட்டத்தின் ஆரைச்சிறை ஒன்றை வெட்டிச் சுருட்டிக் காட்டினேன். கடைசி வரிசை வாங்கிலிருந்த பிள்ளை ஒருத்தி அடியையும் சேர்க்க வேண்டுமா என்று கேட்டாள். திண்மக் கூம்பு என்றால் சேர்க்க வேண்டும், தொப்பி என்றால் தேவையில்லை, கேள்வியைக் கவனமாக வாசிக்கப் பழகுங்கோ என்றேன். நன்றாகவே படிப்பித்தேன் என்று நினைக்கிறேன். அதிபர் என்னைத் தனியே கூப்பிட்டு, நீண்ட லீவு எடுக்கலாமே என்றார். வேண்டாம் என்றேன். எனக்கு மனத்தைரியம் கூடுதல் என்று ஆசிரியர் அறையில் கதைத்தார்கள். நான் திருத்தவில்லை.

வீட்டில் அவருடைய தங்கை, என் மச்சாள், எங்களோடு வந்து நின்றாள். சமையல், தண்ணீர் சுடவைப்பது, கோயிலுக்கு நேர்த்தி வைப்பது எல்லாம் அவள்தான். மருந்தினால் அவருடைய விரல்கள் குளிரைத் தாங்கவில்லை. பச்சைத் தண்ணீர் பட்டாலே கண்ணாடித்தூள் குத்துவது போல இருக்கிறது என்றார். ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டு மீன் அள்ளிய மனுசன். கொஞ்ச நாளில் விரல்நுனிகள் உணர்வில்லாமல் போய்விட்டன. முற்றத்தில் இருந்து கிழிந்த வலை பொத்தும்போது நைலோன் நூல் விரலில் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்துத்தான் முடிச்சுப் போட்டார். மச்சாள் அதைப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போய் அழுவாள். நான் பயிற்சிக் கொப்பிகள் திருத்துவேன். ஒரு நாள் அவள் என்னிடம் வந்து நின்றாள்.

“அண்ணி, உங்கட மனசுக்கு ஒண்டும் செய்யேல்லையோ?”

கோபத்தோடு கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள். எனக்கே தெரியாது என்றேன். அவள் என் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

ஒவ்வொரு முறையும் தாதி நிறுத்துப் பார்த்துப் புதுக் கணக்குப் போட்டாள். பாதிக் காலம் கழிந்தபோது அவர் ஐம்பத்துமூன்று கிலோவில் நின்றார். மேற்பரப்பு ஒன்று தசம் ஐந்து எட்டு. நிறை குறைந்த அளவுக்கு மேற்பரப்பு குறையவில்லை, ஏறக்குறைய அதில் பாதிதான் குறைந்திருக்கிறது என்று கட்டிலோரத்தில் இருந்து அவருக்கு விளங்கப்படுத்தினேன். வகுப்பில் சொல்வது போலத்தான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

“அப்ப தோல் கிட்டத்தட்ட அப்பிடியே இருக்குது. உள்ளுக்குத்தான் நான் இல்லாமல் போறன் எண்டு சொல்லு.”

கணக்கின்படி அது சரி. “ஓம்” என்றேன். சொன்ன பிறகுதான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கனநாளைக்குப் பிறகு சிரித்தார். நானும் சிரித்திருக்கலாம்.

மருந்து எல்லாம் முடிந்து ஸ்கானும் எடுத்த பிறகு, இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, மூன்று மாதத்துக்கு ஒருக்கால் வந்து காட்டுங்கோ என்று டொக்டர் சொன்னார். நல்ல செய்தி என்று இரண்டு தரம் சொன்னார், எங்களுக்கு விளங்கவில்லை என்று நினைத்திருப்பார். திரும்பி வரும்போது மச்சாளுக்கு ஃபோனில் சொன்னேன். அவள் அழுத சத்தம் பஸ்ஸுக்குள் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்டது. சங்குப்பிட்டிப் பாலத்தில் காற்று அடித்தது. நான் யன்னலைச் சாத்தினேன், அவருடைய விரல்களுக்காக.

வெள்ளாங்குளத்தில் தேநீருக்கு நிறுத்தினார்கள். அவர் ரோல்ஸ் வாங்கிவந்து எனக்கும் ஒன்று தந்தார். பசியில்லை என்றேன்.

“சாப்பிடு. நீயும் வத்திப்போனாய், ஒருத்தரும் உன்னை நிறுத்துப் பாக்கேல்லை.”

சாப்பிட்டேன். காரமாக இருந்தது. அவர் இன்னொன்று வாங்கப் போனார்.

இப்போது தன் தமையனோடு கடலுக்குப் போகிறார், தினமும் இல்லை, காற்றுக் குறைந்த நாட்களில். விரல்கள் முழுதாகத் திரும்பவில்லை. சிலது வரும், சிலது வராது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். மச்சாள் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். இந்த வருடமும் அதே பாடம் எடுத்தேன், பிள்ளைகள் ஓரளவு செய்தார்கள். காலையில் நான் பஸ்ஸுக்கு ஓடும்போது அவர் வாசலில் நின்று, கறிக்கு என்ன மீன் எடுத்து வைக்க என்று கேட்பார். எதுவென்றாலும் சரி என்பேன். போன கிழமை மட்டும் பாரை என்று சொன்னேன்.