மிலிட்டரி ஜெனரேட்டரும் என் தூக்கமும்

அந்த வருஷங்களில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். தூக்கம். நகை நட்டு கேட்கவில்லை, புதுப்புடவை கேட்கவில்லை. படுத்தால் யாரும் எழுப்பாமல் ஒரு முழு ராத்திரி கிடக்கவேண்டும், அவ்வளவுதான். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும்.

ஆரணியில் எங்கள் வீட்டுப் பின்புறம் பட்டு நூல் முறுக்குகிற கொட்டகை இருந்தது. தறிக்குப் போகுமுன் இழைகளைச் சேர்த்து, கதிர் என்கிற சுழல்கம்பிகளில் ஓட்டி முறுக்கேற்ற வேண்டும். முறுக்கேறாத பட்டு தறியில் ஒரு சாண் ஓடாது. மூன்று மிஷின், ஆறேழு பெண்கள், அவர்களோடு நானும் ஒருத்தி. எழுபதுகளின் கடைசி அது. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று கடவுளுக்கும் தெரியாது. வந்தால் ஓட்டியாக வேண்டும். வாயில் சோறு இருந்தாலும் ஓட்டவேண்டும், நடுச்சாமமானாலும் எழுந்து ஓட்டவேண்டும். என் வீட்டுக்காரர் கூடத்து பல்பின் சுவிட்சைப் போட்டு வைத்துவிட்டுத்தான் படுப்பார். பல்பு எரிந்தால் என் தோளைத் தட்டி, "எழுந்திரு, வந்துடுச்சி" என்பார். யாரோ சம்பந்தி வீட்டார் வந்து வாசலில் நிற்கிற மாதிரி நான் பதறி எழுந்திருப்பேன்.

ஒருநாள் சாயங்காலம், மெட்ராசுக்கு அரிசி ஏற்றிப்போய்த் திரும்பிய களம்பூர் லாரி ஒன்று எங்கள் சந்தில் நுழைய முடியாமல் நின்றது. மேலே கோணி போட்டு மூடிய ஏதோ ஒன்று. முன்னால் டிரைவர் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் மாப்பிள்ளை மாதிரி இறங்கினார். பட்டாளத்துப் பழைய சாமான் ஏலத்தில் எடுத்தாராம்.

"ஜெனரேட்டர் வாங்கியாந்துட்டேன். இனிமே கரண்டுக்குக் காத்துகினு கெடக்க வேணாம். நீ நிம்மதியா தூங்கு" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் நான் அந்த இரும்புப் பிசாசை வீட்டுக்குள் விட்டேன்.

பெட்டி மாதிரி இருந்தது. நாலு சக்கரத்தில் இரண்டுக்கு டயர் இல்லை. மேலே பட்டாளத்துப் பச்சை. என்ன மிஷின், எந்த ஊர் மிஷின் என்று விற்றவர்களும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. தெருவில் ஆளுக்கு ஒரு கதை. டாங்கியில் இருந்ததென்றார் ஒருவர். ராத்திரியில் ஆகாயத்துக்கு விளக்கடிக்கிற மிஷின் என்றார் இன்னொருவர். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

களம்பூர் ரைஸ்மில் என்ஜின்களைப் பார்க்கிற மேஸ்திரி ஒருவரை அழைத்து வந்தோம். அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம்தான் பேசினார்.

"அண்ணி, இது இன்னா ரகம்னு தெரியாம கை வெக்கக் கூடாது. நம்ம மோட்டாருக்கு செகண்டுக்கு அம்பது சைக்கிள் துடிக்கிற கரண்ட் வேணும். மிலிட்டரியில அறுபதும் கீது. அறுபதா இருந்தா கதிருங்க பிச்சிகினு ஓடும். பட்டு தாங்காது. எங்கியாவது பித்தளைப் பலகை இருக்கும், தேடிப் பாருங்க."

தேடினேன். வேறு யார் தேடுவார்கள்? எஸ்.எஸ்.எல்.சி. வரை இங்கிலீஷ் படித்தவள் அந்த வீட்டில் நான்தான். மண்ணெண்ணெயில் துணியை நனைத்து ஊறவைத்து, மூங்கில் சிம்பால் சுரண்டினேன். பச்சைக்குக் கீழே மணல் நிறம், மணலுக்குக் கீழே சாம்பல் நிறம். எத்தனை முறைதான் பெயிண்ட் அடித்தார்களோ, போகிற இடமெல்லாம் ஒரு வேஷம் போட்டிருக்கிறது சனியன். பலகை கிடைத்தது. செய்த ஊர் சீமை. மூன்று பேஸ் கரண்ட். எல்லாம் சரி, சைக்கிள் என்று எழுதியிருந்த இடத்தில் முதல் எண்மேல் யாரோ சுத்தியால் அடித்திருந்தார்கள். ஐந்தா ஆறா தெரியவில்லை. வெயிலில் பார்த்தால் ஐந்து. நிழலில் பார்த்தால் ஆறு.

எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. என் ராத்திரிகளெல்லாம் அந்த ஒற்றை எண்ணில் போய் மாட்டிக்கொண்டிருந்தன. அப்புறம்தான் சின்ன வயசில் காசுமேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து விளையாடியது ஞாபகம் வந்தது. காலண்டர் தாளைக் கிழித்துப் பலகைமேல் வைத்துத் தேய்த்தேன். ஐந்தின் தொப்பி வெள்ளையாக, நேர்க்கோடாக எழுந்தது. "ஏங்க, அஞ்சு!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்துவிட்டாள்.

அதோடு முடிந்ததா? அய்யே, அப்புறம்தான் பேஜாரே. பிஸ்டன் இறுகிப்போய்க் கிடந்தது. டீசலும் மண்ணெண்ணெயும் ஊற்றி ஊறவிட்டு, ஆசைகாட்டி, திட்டி, ஒருவழியாக அசைத்தார்கள். டீசல் பம்பை வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போனார் இவர், போனார் வந்தார், மறுபடி போனார். கரண்ட் உண்டாகிற பாகத்தில் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. கூட்டை வாரிக் கொட்டியபின் சுருள் கம்பியெல்லாம் ஒரே ஈரம். உள்ளே பல்புகளைத் தொங்கவிட்டு அந்தச் சூட்டில் காயவைக்க வேண்டும் என்றார் மேஸ்திரி. பல்பு எரியக் கரண்ட் வேண்டாமா? கரண்ட் மிஷினைக் காயவைக்க ஊர்க்கரண்டுக்குக் காத்திருந்தோம். வந்தால் கொட்டகையும் ஓடவேண்டும், பல்பும் எரியவேண்டும், நானும் முழித்திருக்க வேண்டும். எலிக்கு இருந்த நிம்மதிகூட எனக்கு இல்லை.

கடைசியில் ஒருநாள் காலையில் புகையைக் கக்கிக்கொண்டு அது ஓடியது. சுவரெல்லாம் அதிர்ந்தது. அந்த நேரம் பார்த்து ஊர்க்கரண்டும் போயிருந்தது. மேஸ்திரி ஒயர்களை இணைத்துவிட்டு, ரைஸ்மில்லில் அவசரமென்று பஸ் பிடித்துப் போய்விட்டார். இவர் கற்பூரம் கொளுத்தி, சுவிட்சைப் போட்டார். மூன்று மிஷினும் சுற்றின. பெண்கள் கைதட்டினார்கள்.

அப்புறம் பட்டு அறுந்தது. ஒரு கதிரில் அல்ல, எல்லாக் கதிரிலும். முதலில் நூல் தொய்ந்து தொங்கியது. நிறுத்தி ஓட்டினால் கொஞ்சம் தொங்குவது வழக்கம்தான் என்று திரும்பக் கோத்தோம். மறுபடி தொங்கி, சுருண்டு, அறுந்தது. இந்த இடத்தில்தான் நாங்கள் பட்டுக்காரர்கள் என்பதைக் காட்டினோம். ஒரு மெக்கானிக் வீடாக இருந்தால் மோட்டாரைப் பார்த்திருப்பான். நாங்கள் நூலைப் பார்த்தோம். நூல் அறுந்தால் குற்றம் நூலில்தான் என்று எங்கள் புத்தியில் ஊறிப்போயிருந்தது. இவர் பட்டு விற்றவரைத் திட்டினார். காற்றில் ஈரம் என்றார். பாபினை மாற்றச் சொன்னார். மாற்றினோம். கூடையிலிருந்து பாதி முறுக்கேறிய வேறு பட்டை எடுத்துப் போடச் சொன்னார். போட்டோம். அதுவும் அறுந்தது. வேலைக்காரப் பெண்களில் மூத்தவளைப் பார்த்து, "உன் கை இன்னிக்கி சரியில்ல" என்று எரிந்து விழுந்தார். அவள் முகம் சுண்டிப்போனது.

"என் கைய வெட்டிப் போட்டுட்டு ஓட்டிப் பாருங்கண்ணே" என்றாள்.

உச்சிவேளைவரை இந்தக் கூத்து. எனக்கு நிற்கவே தெம்பில்லை. அறுந்த நூல் ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கம் உருட்டினால் முறுக்கு இறுகும் என்பது எங்களுக்கெல்லாம் யோசிக்காமலே விரலில் இருக்கும். அந்தப் பக்கம் உருட்டினேன். பிரிந்தது. இன்னொரு முறை உருட்டினேன். பிரிந்தது.

"நிறுத்துங்க! எல்லாம் தலைகீழா சுத்திகினு கீதுங்க" என்று கத்தினேன்.

கதிர் சுற்றுகிற வேகத்தில் எந்தப் பக்கம் என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. நாங்கள் காலையிலிருந்து முறுக்கேற்றவில்லை, ஏற்கெனவே ஏற்றிய முறுக்கைப் பிரித்துக்கொண்டிருந்தோம். ஆள் விட்டு அழைத்ததும் மேஸ்திரி அடுத்த பஸ்ஸில் வந்து, மூன்று ஒயரில் இரண்டை இடம் மாற்றிப் போட்டார். பட்டாளத்துப் பெட்டியில் ஒயர்களுக்கு வேறு வரிசை என்றார். சுவிட்சைப் போட்டதும் எல்லாம் ஒழுங்காகச் சுற்றின. இவர் மூத்தவளிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, டீ மட்டும் வாங்கிக் கொடுத்தார். அவள் குடிக்காமல் ஆறவிட்டாள்.

சரி, ஜெனரேட்டர் ஓடியாயிற்று. இனி தூக்கம்தான் என்று நினைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்லவேண்டும். முன்பெல்லாம் பகலில் கரண்ட் போனால் மிஷின் நிற்கும். பெண்கள் காலை நீட்டிப் பேசிக்கொண்டு இருப்பார்கள். நான் சுவரில் சாய்ந்தால் அப்படியே கண் சொருகிவிடும். அது தூக்கம் என்றுகூட அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போது கரண்ட் போனதும் டப டப டப என்று இது ஆரம்பித்துவிடும். சுவரில் சாய்ந்தால் முதுகெலும்பு உதறும். நிற்காத கொட்டகை என்று பேர் வந்ததும் நாலாபக்கமிருந்தும் பட்டு வந்து குவிந்தது. இவர் இன்னும் ஒரு மிஷின் போட்டார். பல்பு எரிந்தாலும் எழுந்தேன், அணைந்தாலும் எழுந்தேன்.

அந்தக் கோடையில் ஒரு மத்தியானம். ஊர்க்கரண்ட் இல்லை. காலையிலிருந்து ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பழைய மிஷின், அவ்வப்போது நிறுத்தி ஓய்வு கொடுங்கள் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். இவர் வந்து மூடியைத் தொட்டார். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். டீசலை நிறுத்தினார். பெட்டியின் நாலு பக்கக் கதவையும் திறந்துவிட்டு, விசிறி மட்டையை எடுத்து அதற்கு விசிறினார்.

"பாவம், கொதிக்குது. செத்த நேரம் ஆறட்டும்" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "அதுக்குள்ள நீ ஜல்தியா பாபினெல்லாம் மாத்தி வெச்சிடு."

பாவம். எனக்குக் கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவ்வளவு ஆசையாக நான் கேட்டதில்லை.

கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தேன். "நானும் செத்த நேரம் ஆறிக்கறேங்க" என்றேன்.

அவர் நிஜமாகவே சிரித்தார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, வேடிக்கையாகத்தான் கேட்டார். "ஏன், நீ இன்னா மிஷினா?"

பெண்கள் யாரும் சிரிக்கவில்லை.

"மிஷினா இருந்திருந்தா தேவலைங்க" என்றேன்.

அங்கேயே, டீசல் சிந்திப் பிசுபிசுத்த தரையில், கோணி ஒன்றை இழுத்துப் போட்டுப் படுத்தேன். அவர் விசிறியும் கையுமாக நின்றார். என்னை எழுப்பவில்லை.