கேள்வி எண் பதினொன்று: தனியாகப் பஸ்ஸில் போவாரா?

1. திங்கட்கிழமை வந்த ஃபோன்

நான் வேலைக்குச் சேர்ந்து பத்து மாதம் ஆகியிருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் துறையின் ஃபோனில் ஒருவர் என்னைக் கேட்டார். ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் ரோட்டில் ஒரு முட்டைக்கோழிப் பண்ணை, அதன் சூப்பர்வைசர். பெயர் சேகர்.

"ஏனுங்க மேடம், குமரேசனுக்குப் பேப்பர் எழுதிக் குடுத்தது நீங்கதானுங்களா?"

"எந்தப் பேப்பருங்க?"

"பஸ்ஸுல தனியாப் போக முடியாது, கடைக்குத் தனியாப் போக முடியாது, மாத்திரை தானா எடுத்துக்க முடியாது. இப்படி ஆறு முடியாது போட்டிருக்குதுங்க. பையன் நல்லாத்தான் வேல செய்யறான். ஆனா ஆஸ்பத்திரியே முடியாதுங்கறப்ப நான் எப்படிங்க வெச்சுக்கறது?"

அந்தத் தாளை எழுதியது நான்தான். குமரேசனின் சம்மதம் இல்லாமல் அவரைப் பற்றிப் பேச முடியாது, கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன், அதுவரை முடிவு செய்ய வேண்டாம் என்றேன்.

"சனிக்கிழமை வரைக்கும் பாக்கறேனுங்க. திங்கக்கெழம புது பேட்ச் கோழி ஷெட்டுக்கு ஏறுது. எனக்கு ஆளு வேணும்."

ஐந்து நாள் இருந்தது.

2. நான் எழுதிய ஆறு முடியாது

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் ஒரு மருத்துவமனையில் மனச்சிதைவு நோய் உள்ளவர்களைப் பற்றிய ஆய்வில் நான் ரேட்டர். அதாவது, சோதனை வைத்து மதிப்பெண் போடுபவள். இந்த நோய் என்றாலே குரல் கேட்பது, சந்தேகப்படுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அவை மாத்திரையில் அடங்கிய பிறகும் பலருக்குக் கவனம், ஞாபகம், யோசிக்கும் வேகம் ஆகியவற்றில் சிரமம் மிஞ்சுகிறது. அந்தச் சிரமம் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு தொடுகிறது என்பதுதான் எங்கள் கேள்வி. அதற்கு இரண்டு பகுதி. முதல் பகுதி பேப்பர், பென்சில், ஸ்டாப்வாட்ச். இரண்டாவது, கூட இருப்பவரிடம் கேட்கும் இருபது கேள்விகள். சமைப்பாரா, கடைக்குப் போவாரா, பஸ்ஸில் போவாரா என்று.

குமரேசனுக்கு முப்பத்து நான்கு வயது. ராசிபுரத்தில் அம்மாவுடன் இருக்கிறார். அம்மா பழனியம்மாள் பட்டுத் தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுப்பவர். குமரேசனுக்குக் குரல்கள் அடங்கிப் பல வருடம் ஆகிறது. சோதனையில் நான் வாசித்த பதினைந்து சொற்களில் நான்கைத் திருப்பிச் சொன்னார். கட்டங்களில் குறிகளை நிரப்பும் சோதனையில் பாதியைத் தாண்டவில்லை. இதை ஸ்டாப்வாட்ச் வைத்து நானே பார்த்தேன். அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

இரண்டாம் பகுதியில் பழனியம்மாள் பதில் சொன்னார். குமரேசன் பக்கத்தில் உட்கார்ந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி எண் பதினொன்றை வாசித்தேன்.

"தனியா பஸ்ஸுல போவாருங்களா?"

"தனியாவா? நான் உடமாட்டனுங்க அம்மணி."

'முடியாது' என்ற கட்டத்தில் வட்டம் போட்டேன். மொத்தம் ஆறு கேள்விகளுக்கு இதே மாதிரி பதில், இதே வட்டம். எங்கள் கையேட்டில், இப்படிப் பதில் வந்தால் மேலும் இரண்டு கேட்க வேண்டும் என்று இருக்கிறது: கடைசியாக எப்போது முயன்றார்? வாய்ப்புக் கொடுத்தால் செய்வாரா? நான் கேட்கவில்லை. பதில் தெளிவாக இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். அதைவிடப் பெரிய தவறு, குடும்பத்துக்குத் தரும் சுருக்கத் தாளில் அந்த ஆறையும் அழகாக எண் போட்டு எழுதி, சீல் வைத்துக் கொடுத்தது.

3. ராசிபுரத்தில்

முதலில் துறைத் தலைவரான மேடத்திடம் போனேன். தவறு செய்துவிட்டேன், ஆறு விடைகளையும் மாற்ற வேண்டும் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "தப்புன்னு எப்படித் தெரியும்? அவர் நிஜமாவே போக முடியாதவரா இருக்கலாம். வேலை போயிடும்னு இரக்கப்பட்டு மாத்தினா அது ரெண்டாவது தப்பு. கேள்வியைச் சரியாக் கேக்கலைன்னா அதுக்குத் திருத்தப் படிவம் இருக்கு. போய்ப் பார்த்துட்டு வந்து எழுது."

செவ்வாய்க்கிழமை ராசிபுரம் போனேன். பழனியம்மாளிடம்தான் முழு விஷயமும் தெரிந்தது. குமரேசன் மூன்று வாரமாக அந்தப் பண்ணைக்குப் போகிறார். தினமும் அம்மா கூடவே பஸ்ஸில் போய், சாயங்காலம் வரை கேட்டில் உட்கார்ந்திருக்கிறார். கோழிக்கு நோய் வந்துவிடும் என்று பண்ணையில் வெளியாட்களைக் கேட் பக்கமே அண்டவிட மாட்டார்கள். தனியாக வரட்டும், வர முடியும் என்று ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கி வாருங்கள் என்று சேகர் சொல்லியிருக்கிறார்.

"அதானுங்க அந்தத் தாளக் குடுத்தேன்" என்றார் பழனியம்மாள். "எனக்குப் பொடி எழுத்து தெரியறதில்ல. சீலு போட்டிருந்துச்சு. நல்லதாத்தான் எழுதியிருப்பீங்கன்னு நெனச்சனுங்க."

விட்ட இரண்டு கேள்விகளையும் அந்த ஆறுக்கும் கேட்டேன், பஸ்ஸில் ஆரம்பித்து.

கடைசியாக எப்போது தனியாகப் போனார்?

"ஒம்பது வருசம் ஆச்சுங்க. அப்ப ஒடம்பு ரொம்ப முடியல இவனுக்கு. பஸ் ஏறிப் போனவன் மூணு நாளாக் காணோம். மோகனூர் ரோட்டுல செருப்பில்லாம நடந்துட்டு இருந்தவனக் கூட்டியாந்தோம். அதுக்கப்புறம் நான் உடறதில்ல."

இப்போது விட்டால் போவாரா?

பழனியம்மாள் மகனைத் திரும்பிப் பார்த்தார். முதல் முறையாகக் குமரேசனைப் பார்த்துக் கேட்டேன். "நீங்க சொல்லுங்க. போவீங்களா?"

அவர் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். இந்த நோய் உள்ளவர்களிடம் கேள்வி கேட்டால் காத்திருக்க வேண்டும். முந்தைய தடவை அதையும் நான் செய்யவில்லை.

"போவனுங்க. அம்மா கூட வந்தா நான் ஜன்னல்ல எதும் பாக்கறதில்ல. அம்மா பாத்துக்கும். தனியான்னா பாத்துட்டே போவேன். எறங்கற எடத்துக்கிட்ட தீவன மில்லுல நீலக் கலர் டேங்க் இருக்குதுங்க. அது வந்தா எந்திரிக்கோணும்."

"அட, இத்தன நாளா என்னையக் கூட்டிட்டுப் போனவனாட்டப் பேசறான் பாரு" என்றார் பழனியம்மாள். சிரிப்புப் பாதி, பயம் பாதி.

வியாழக்கிழமை குமரேசன் தனியாகப் போவது என்று முடிவு செய்தோம். அதே பஸ்ஸில் நான் இருப்பேன். பேச மாட்டேன், கை காட்ட மாட்டேன். சேகரிடம் நான் பேசலாம் என்று குமரேசன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்; அன்றே அவரை ஃபோனில் கூப்பிட்டு வியாழக்கிழமை வருவதாகச் சொன்னேன்.

"எறங்காமப் போயிட்டான்னா அம்மணி?"

"நான் கூடவே இருப்பேங்க, பத்திரமாக் கூட்டிட்டு வந்துடுவேன். ஆனா நான் எழுதினது சரின்னு ஆயிடும்."

4. நிற்காத பஸ்

வியாழக்கிழமை காலை ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். குமரேசன் கண்டக்டரிடம் ஸ்டாப் பெயரைச் சொல்லி, "நிக்குங்களா?" என்று கேட்டார். "ஏறு ஏறு, வழி உடு" என்றார் கண்டக்டர். ஏறினார். மூன்று சீட் தள்ளி நானும் உட்கார்ந்தேன்.

டிக்கெட் போடும்போதுதான் கண்டக்டர் விஷயத்தைச் சொன்னார். "அங்கெல்லாம் நிக்காதுப்பா. இது எக்ஸ்பிரஸ், பெரிய ஸ்டாப்புல மட்டுந்தான் நிக்கும். ஏறையிலேயே கேக்க மாட்டியா?"

"கேட்டனுங்க" என்றார் குமரேசன். அதற்கு மேல் வாதாடவில்லை.

நீல டேங்க் வந்தது. அவர் எழுந்தார். பஸ் நிற்கவில்லை. டேங்க் பின்னால் போனது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். சோதனை அறையில் ஒரு சொல் மறந்துபோனால் அவர் உறைந்துபோகும் அதே நிலை அது. நான் எழுந்து கண்டக்டரிடம் இரண்டு வார்த்தை பேசினால் போதும். என் கை முன் சீட்டைப் பிடித்திருந்தது. எழுந்திருக்கவில்லை. இந்த வேலையில் நான் செய்த கடினமான காரியம் எதுவென்றால், அன்று உட்கார்ந்திருந்ததுதான்.

நிற்கும் அடுத்த இடத்தில் கண்டக்டர் விசில் அடித்தார். குமரேசன் இறங்கினார். நானும் பின்னால் இறங்கினேன். அவர் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு லாரி போகும்வரை காத்திருந்தார். பிறகு வந்த வழியே திரும்பி, ரோட்டோரமாக நடக்க ஆரம்பித்தார். ஒரு தடவைகூட நின்று யாரையும் கேட்கவில்லை. தூரத்தில் நீல டேங்க் தெரிந்தது.

பண்ணை கேட்டில் கிருமி போக வைத்திருக்கும் மருந்துத் தண்ணீரில் கால் நனைத்து உள்ளே போகும்போது இருபத்தைந்து நிமிடம் தாமதம். சேகர் வாட்ச்சைப் பார்த்தார்.

"பஸ்ஸு நிக்கலீங்க. அங்கிருந்து நடந்து வந்தேன்."

சேகர் என் பக்கம் திரும்பினார். "போன மாசம் ஒருத்தனுக்கு இதே மாதிரி பஸ்ஸு நிக்கலைங்க. நேரா நாமக்கல்லு போயி, டீ குடிச்சுட்டு, ஊட்டுக்குப் போயிட்டான். அவனுக்கு உங்க ஆஸ்பத்திரில ஒரு பேப்பரும் கெடையாது."

5. கவிழ்த்து வைத்த அட்டை

என்னையும் மருந்துத் தண்ணீரில் கால் நனைக்கச் சொல்லி, முட்டை அறை வரைக்கும் மட்டும் விட்டார்கள். அங்கே உட்கார்ந்து, கம்பி வலை வழியாகப் பார்த்தேன். குமரேசன் ஒரு வரிசைக் கூண்டில் முட்டை எடுத்து முடித்ததும், அந்த வரிசையின் முனையில் ஒரு காலி முட்டை அட்டையைக் கவிழ்த்து வைத்தார். நடுவில் யாராவது கூப்பிட்டாலும், திரும்பி வந்து கவிழ்ந்த அட்டைக்கு அடுத்த வரிசையில் ஆரம்பித்தார். ஞாபகம் கைவிடும் என்று அவருக்குத் தெரியும். அதை அட்டையிடம் ஒப்படைத்துவிட்டார்.

சிரமமும் இருந்தது, அதையும் குறித்துக்கொண்டேன். பதினொரு மணிக்கு ஒருவர் வந்து, முட்டையை நிறுத்திவிட்டு முதலில் கோழி குடிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு மருந்து கலக்கு, பிறகு தீவனம், பிறகு மறுபடி முட்டை என்று ஒரே மூச்சில் சொன்னார். குமரேசன் உறைந்து நின்றுவிட்டார். சோதனையில் பதினைந்தில் நான்கு சொற்களே நின்றதன் பொருள் அங்கே தெரிந்தது.

சேகரிடம் மூன்று விஷயம் சொன்னேன். வேலையின் வரிசை மாறினால் காலையிலேயே சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒன்று சொல்லுங்கள். மருந்து அளவை இப்போதைக்கு வேறு ஆளிடம் விடுங்கள்.

"இவ்வளவுதானுங்களா? இத மொதல்லயே எழுதியிருக்கலாமுல்லங்க?"

எழுதியிருக்கலாம். வெள்ளிக்கிழமை திருத்தப் படிவத்தை நிரப்பினேன். காரணம் என்ற இடத்தில் 'ரேட்டரின் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆறில் நான்கு மாறின, இரண்டு மாறவில்லை. சோதனை மதிப்பெண் எதையும் தொடவில்லை. புதிய தாளைப் பெரிய எழுத்தில் எழுதி, குமரேசனுக்கும் பழனியம்மாளுக்கும் வாய்விட்டு வாசித்துக் காட்டிய பிறகுதான் சீல் வைத்தேன். சனிக்கிழமை அதைக் குமரேசனே கொண்டுபோய்ச் சேகரிடம் கொடுத்தார். திங்கட்கிழமை புது பேட்ச் ஏறியபோது அவருக்கு ஒரு ஷெட் கொடுத்தார்கள்.

6. ஆறு மாதம் கழித்து

ஃபாலோ-அப்புக்குக் குமரேசன் தனியாகச் சேலம் வந்தார். சொற்கள் சோதனையில் ஐந்து சொன்னார். பெரிய மாற்றம் இல்லை. அரை மணி நேரம் கழித்துப் பழனியம்மாள் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

கேள்வி எண் பதினொன்றைக் கேட்டேன்.

"தனியாத்தானுங்க போறான்" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்கு மட்டும் அடுத்த பஸ்ஸுல பின்னாடியே வந்தேன். அவனுக்குத் தெரியாது."

"தெரியும்" என்றார் குமரேசன். "அம்மா ஸ்டாண்டுல தூணுக்குப் பின்னால நின்னுட்டு இருந்துச்சுங்க. பாத்தேன். சரி வரட்டும்னு உட்டுட்டேன்."

"என்னைய உட்டுட்டானாமா!" என்று பழனியம்மாள் என்னிடம் முறையிட்டார். 'தனியாகச் செய்கிறார்' என்ற கட்டத்தில் வட்டம் போட்டேன்.

எங்கள் துறைக்குப் புதிதாக வரும் ரேட்டர்களுக்கு நான் சொல்வது இதுதான். 'முடியாது' என்று வட்டம் போடும் முன், யார் சொன்னார்கள், கடைசியாக எப்போது பார்த்தார்கள், அவர் செய்ய யாராவது விட்டார்களா என்று பக்கத்தில் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் பேனாவைக் கீழே வையுங்கள். சோதனை மதிப்பெண் பொய் சொல்வதில்லை. ஆனால் அதற்குக் கவிழ்த்து வைத்த அட்டை தெரியாது.

அன்று படிவத்தை மூடிய பிறகு, இருவரும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். வாசலில் பழனியம்மாள் நின்று மகனைக் கேட்டது என் மேஜை வரை கேட்டது.

"எந்தப் பஸ்ஸுல போலாம் சாமி?"

குமரேசன் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். அம்மா காத்திருந்தார்.