கேசட்டில் இருந்த கிட்டார்

நான்கு மாதமாக ஒரு சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். பழைய ராக் பாட்டு ஒன்றின் தொடக்கத்தில் எலெக்ட்ரிக் கிட்டார் தனியாக வரும். அழுக்கில்லாத சத்தம். மழை விட்ட பிறகு தகரக் கூரையின் விளிம்பில் தயங்கித் தயங்கி விழும் சொட்டுகள்போல, ஒவ்வொன்றும் தனித்தனி. அதை அப்படியே கொண்டுவந்தால் பாடுவதாக நண்பன் சொல்லியிருந்தான்.

கல்லூரி நாளில் எங்கள் பேண்டின் பாடகன் அவன். இப்போது எமரால்டு கிராமத்தில் கேரட் பயிர் போடுகிறான். தொண்டையில் ஆபரேஷன் நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. பாடலாம் என்று டாக்டர் சொல்லியும் பாடவில்லை. கிறிஸ்துமஸுக்குக் குன்னூரில் மறுபடி மேடை ஏறலாமா என்று கேட்டேன். அதற்குத்தான் இந்த நிபந்தனை.

புதுக் கம்பி மாட்டினேன். மீட்டும் வில்லையான பிளெக்ட்ரத்தை விட்டு விரல் சதையால் மீட்டினேன். ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைக் கூர்மையாக்கும் ட்ரெபிளை மயிரிழை மயிரிழையாகக் குறைத்தேன்.

“ஏனுங்க, அந்த நாலு டொய்ங்குக்கு மேல பாட்டே இல்லீங்களா?” என்றாள் மனைவி.

ஒரு ஞாயிறு, செம்மண் ஒட்டிய பூட்ஸோடு நண்பன் வந்து நான் வாசித்ததைக் கேட்டான்.

“இது இல்லடா. அது லேசா நடுங்கும்.”

போனில் ஒரிஜினலைப் போட்டுக் காட்டினேன். நடுக்கமே இல்லை.

“போன்ல இருக்கறதும் தப்பு.”

சிரித்தேன். பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டேன். எங்கள் மலையில் மழைக்காலம் முழுக்கப் பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பு எரியும். இல்லாவிட்டால் துணியெல்லாம் பூஞ்சணம். கல்லூரி நாளில் இந்தப் பாட்டுக்கு எங்களிடம் இருந்த ஒரே கேசட்டையும் நான் அங்கேதான், பல்பை ஒட்டி வைத்திருந்தேன். சூட்டில் டேப் நெளிந்திருக்க வேண்டும். அந்த நெளிவைத்தான் கிட்டாரின் குணமென்று இருவரும் இத்தனை வருஷம் நம்பியிருக்கிறோம்.

விஷயத்தைச் சொன்னேன்.

“அப்ப நீ கெடுத்து வெச்சதுதான் எனக்குப் புடிச்சுதா? நல்லா இருப்படா!”

சத்தத்தை லேசாக அலைய வைக்கும் கோரஸ் பெடல் ஒன்றை இரவல் வாங்கினேன். அடுத்த ஞாயிறு வாசித்ததும் அவன் தலை தானாக ஆடியது. பிறகு ஆடுவதை நிறுத்திக்கொண்டான். இனிமேல் பாடாமலிருக்க அவனிடம் சாக்கு எதுவும் மிச்சமில்லை.

பாடினான். மூன்றாவது வரி மேலே ஏறும் இடத்தில் குரல் வெறும் காற்றானது. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“சுருதிய எறக்க முடியுமா?”

முடியும். ஆனால் கம்பியைத் தளர்த்தி இறக்கினால் இந்தச் சத்தம் தங்காது. நான்கு மாதம் தேடியது கால்மணி நேரம்கூட என்னிடம் இருக்கவில்லை.

“எவ்வளவு?”

“ரெண்டு படி. இல்ல, மூணு.”

ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். தொய்ந்துபோய், கிட்டார் கழுத்தின் ஃப்ரெட் பட்டைகளில் இடித்து இரைந்தன. அந்த இரைச்சலின்மேல் அவன் முதலிலிருந்து ஆரம்பித்தான். மூன்றாவது வரியைத் தாண்டினான்.