கீழே இறங்கிய ட்ரோன்

என் பெரியப்பாவுக்கு அலுவலகத்தில் ‘பூட்டுக்காரர்’ என்று பெயர். கூட்டத்தைக் கண்காணிக்கும் ட்ரோன்கள் வெளியாள் கைக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ட்ரோனின் சின்ன பேட்டரி, சிக்கலான மின்னணுப் பூட்டைத் தாங்காது. அதனால் எளிய வழி ஒன்றைச் செய்திருந்தார். ஒவ்வொரு கட்டளைக்கும் ட்ரோன் புதிதாக ஓர் எண்ணை அனுப்பும். ரகசியச் சாவி உள்ள கருவி மட்டும்தான் அதற்குச் சரியான பதில் சொல்ல முடியும். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

முகம் தெரியும் உயரத்துக்கு ட்ரோனை இறக்கக் கூடாது என்பது விதி. இறக்குவதற்கு மட்டுமாவது இரண்டு பேர் சாவி வேண்டும் என்று கட்டுப்பாட்டு அறைப் பொறுப்பாளரான மேடம் கேட்டபோது, பேட்டரி வீணாகும் என்று தட்டிக்கழித்தவர் பெரியப்பாதான்.

விடுதிக் கட்டணத்தை எதிர்த்து மாணவர்கள் ஊர்வலம் போன அன்று, திரையில் ஒரு மஞ்சள் குடை தெரிந்தது. அவர் தன் மகளுக்கு, அதாவது என் அக்காவுக்கு, வாங்கிக் கொடுத்த குடை. தோழி வீட்டில் படிக்கிறேன் என்று சொல்லிப் போயிருந்தாள் அக்கா. பெரியப்பா தன் சாவியைப் போட்டு ட்ரோனை இறக்கினார். குடைக்குள் அக்கா. குடைப்பிடியில் ஒரு பையனின் கை. அவர்கள் தலைக்கு மேலேயே ட்ரோனை நிறுத்திவைத்தார்.

தெரிந்த பெண்ணா என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டதற்கு, கேமராவைச் சோதிப்பதாகச் சொல்லி மழுப்பினார். காது மடல் வரை சூடேறியதாம் அவருக்கு.

அதோடு விட்டிருக்கலாம். இரவுச் சாப்பாட்டின்போது, நாள் முழுக்கப் படித்ததாக அக்கா சொன்னதும் வாய் முந்திக்கொண்டது.

“குடை பிடிச்சுக்கிட்டு வந்தானே, அவன் யாரு?”

பெரியம்மா பரிமாறுவதை நிறுத்தினார். எப்படித் தெரியும் என்று அக்கா கேட்கவில்லை.

“தலைக்கு மேல வந்து நின்னுச்சே, அது நீங்களாப்பா? யாரோ எங்களப் படம் பிடிக்கிறாங்கன்னு எல்லாரும் முகத்தை மூடிக்கிட்டோம். ஒருத்தி பயந்து அழுதே போயிட்டா.”

“உன் நல்லதுக்குத்தான்…” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் மேடத்திடம் போய், இறக்குவதற்கு இரண்டாவது சாவி வைத்துவிடலாம் என்றார். பேட்டரி என்னாகும் என்று அவர் கேட்க, நடந்ததை எல்லாம் சொல்ல வேண்டியதாயிற்று. மேடம் திட்டவில்லை.

“வெளியாளுக்கு மட்டும்தான் பூட்டுன்னு நெனச்சுட்டீங்க சார்” என்றார், அவ்வளவுதான். கொஞ்ச நாளைக்கு அவரை ட்ரோன் பக்கம் வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். பெரியப்பாவுக்கு அது தண்டனையாகவே படவில்லை.

தண்டனை வீட்டில் இருந்தது. முன்பெல்லாம் எங்கே போகிறாய் என்று கேட்டால் முகம் சுளிக்கும் அக்கா, இப்போது கேட்காமலே வாசலில் நின்று ஒப்பிக்கிறாள்.

“லைப்ரரிக்குப் போறேன்பா. பஸ்லதான். கூட ரெண்டு பேரு, ஒருத்தன் பையன்.”

குரலில் கோபம் கூட இல்லை. அவள் தெருமுனை திரும்பும் வரை பெரியப்பா தலை நிமிர்வதில்லை.