சைக்கிள் பிரேமின் அடியில் இருந்த குறி

ஒரு குற்றமும் செய்யாத மனிதரை நான் கள்ளனாக்கினேன். தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொல்லி அதைச் செய்தேன்.

அப்போது கண்டியில் ஆசிரியராக இருந்தேன். பழைய இங்கிலாந்துச் சைக்கிள்களில் எனக்குப் பைத்தியம். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடல் அச்சுக்கு அடியில் தொழிற்சாலையில் குத்திய எண்ணையும் குறிகளையும் பார்த்தே எந்தக் கம்பெனி, ஏறக்குறைய எந்த வருடம் என்று சொல்லிவிடுவேன். சைக்கிள் கடைக்காரர்கள் தேடி வருவார்கள். ஒருநாள் பொலிஸாரும் கூப்பிட்டார்கள்.

பொலிஸ் நிலையத்தில் மடுல்கெல்லப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் தபால்காரர் நின்றிருந்தார். மடவளையில் பழைய சைக்கிள் வாங்கி லைசன் எடுக்கப் போன இடத்தில், பிரேம் எண் தேய்ந்திருக்கிறதென்று பிடித்துக் கொடுத்திருந்தார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் கோழிக்கால் தடம் போல மூன்று கோடுகள். நான் அதற்கு முன் பார்க்காத குறி. இராணுவச் சாமான்களில் இப்படி ஒன்று இருக்கும் என்று எங்கோ வாசித்த ஞாபகம். இன்ஸ்பெக்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அரசாங்கச் சொத்து" என்றேன்.

"மாஸ்டர், நல்லாப் பாத்துச் சொல்லுங்க. கடையில வாங்கினதுங்க."

"பாத்துத்தான் சொல்றேன்."

சைக்கிள் பறிபோனது. தோட்டத்தில் தபால் பையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, இவரைத் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்ட அனுப்பினார்கள்.

ஐந்தாறு வருடம் கழித்து, என் தகப்பனார் முன்பு கடையில் புதிதாக வாங்கித் தந்த எனது சைக்கிளுக்குப் பெயின்ட் அடிக்கச் சுரண்டினேன். அதே கோழிக்கால். ஊரார் சைக்கிளையெல்லாம் கவிழ்த்த நான் இதைச் சுரண்டிப் பார்த்ததே இல்லை. பிரேமைச் சரிபார்த்த தொழிலாளி குத்திய அடையாளமாக இருக்கலாம். அரசாங்கக் குறி இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

நடந்ததை எழுதிக்கொண்டு பொலிஸுக்குப் போனேன். புதிய இன்ஸ்பெக்டர், அது முடிந்த கேஸ் என்று கடிதத்தை வாங்கவே இல்லை. பிறகு என் சைக்கிளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போய், அந்தத் தபால்காரர் முன்னால் நிறுத்தி, விஷயத்தைச் சொல்லி, எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

"சைக்கிள் வேணாங்க. நாளைக்குக் காலையில பெரட்டுல வந்து சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

ஆட்களுக்கு வேலை பிரிக்கும் அந்தப் பெரட்டுக் களத்தில், மறுநாள் காலை சைக்கிளைக் கவிழ்த்து வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

கூடையோடு நின்ற ஒரு பெண் கேட்டாள்: "ஏன் மாஸ்டர், அன்னிக்குத் தெரியாதுன்னு சொல்லியிருந்தா வாய் சுளுக்கிக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். பழைய தபால்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "என் பொண்டாட்டிகிட்டயும் சொல்லிட்டுப் போங்க" என்றவர், கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறிவிட்டார். அந்த அம்மாவிடமும் சொன்னேன். சைக்கிளை அவர்கள் குடியிருந்த லயத்து வாசலில் சாத்திவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் தோட்டத்து லொறியில் அது திரும்பி வந்தது. டிரைவர் இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "இதுல ஏறினா திரும்பவும் பிடிப்பாங்கன்னு சொல்றாருங்க. பொலிசுக்கு நீங்க அன்னிக்குச் சொன்னது மட்டுந்தானே தெரியும்?"