இரண்டு தரம் அடித்து நின்ற தொலைபேசி

பிள்ளைகளே, போன கிழமை உங்கள் தம்பி தன் வியாபாரத்துக்காகக் கூரியர் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டான் அல்லவா? இருபத்திரண்டு பக்கம். வெள்ளவத்தை வீட்டு மேசையில் வைத்து ஒவ்வொரு பக்கத்திலும் ஒப்பமிட்டான். சாட்சிக்கு நானும் இட்டேன். பக்கத்தில் அவனுடைய அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. புது அட்டையின் பசை மணம் மூக்கில் ஏறியதும் என் ஒப்பத்தைப் பிழையான இடத்தில் இட்டுவிட்டேன். "அப்பாவுக்கு வயசு போட்டுது" என்று உங்கள் அக்கா சிரித்தாள். வயசு இல்லை, மகள். அந்த மணத்துக்குப் பின்னால் ஒரு தொலைபேசி இருக்கிறது.

நீங்கள் பிறக்க முன் நான் கொட்டாஞ்சேனையில், சவரிமுத்து முதலாளியின் பெட்டி செய்யும் வேலைத்தலத்தில் கிளார்க். பெரிய உத்தியோகம் என்று நினைக்க வேண்டாம்; ஓ.எல். சோதனையில் கணக்குப் பாடம் இரண்டாம் தரம்தான் பாஸ் பண்ணினேன்.

எங்களுக்கு இருந்தது ஒரேயொரு வாடிக்கைக்காரர். கரீம் ஹாஜியார். ஒருகொடவத்தையில் தேயிலை பைக்கற் பண்ணி வெளிநாட்டுக்கு அனுப்புபவர். அவருடைய பெட்டி தனி அளவு. அதை வெட்டுவதற்கென்றே முதலாளி தன் காணியை விற்று ஓர் அச்சு செய்வித்திருந்தார். வேறு எவருக்கும் அந்த அச்சு உதவாது. பன்னிரண்டு பேருடைய சோறு அதில் இருந்தது. ஆனால் இரண்டு முதலாளிமாருக்கும் நடுவில் ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. காலை பத்துக்கு ஹாஜியார் தொலைபேசியை இரண்டு தரம் அடிக்கவிட்டு வைத்துவிடுவார். 'நேற்றைய அளவே அனுப்பு' என்று அர்த்தம். மூன்றாவது மணி அடித்தால்தான் எடுப்போம்.

"முதலாளி, புதுக்கடையில ஒரு லோயரிட்டக் குடுத்து எழுதி வைப்பமே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உனக்கென்ன விசரா? கடதாசி கேட்டா, உன்னை நம்பேல்ல எண்டு அந்த மனுசன்ட முகத்துக்கு நேர சொன்ன மாதிரி."

பிறகு ஹாஜியார் வைத்தியத்துக்காக மெட்ராஸ் போனார். மணி மட்டும் தவறவில்லை. மகன்மார் அடிக்கிறார்கள் என்று நாங்களும் பெட்டி அனுப்பிக்கொண்டிருந்தோம். ஒரு புதன்கிழமை, பெட்டி இறக்கிவிட்டு வந்த லொறிச் சாரதி சுனில் என்னிடம் தனியாக வந்தான்.

"அய்யே, அங்க ஒரு மனுசனும் இல்ல. வோச்சர் மட்டும்தான். இறக்கின பெட்டி அப்பிடியே கிடக்கு. எனக்கு அங்க போகப் பயம்."

அன்றைக்கே நானே ஒருகொடவத்தைக்குப் போய்ப் பார்த்தேன். நடுப்பகல். உள்ளே இருட்டு. எங்கள் பெட்டிக் கட்டுகள் ஜன்னல்களை மறைத்துக் கூரைவரை நின்றன. ஒரு கட்டுக்கூட அவிழ்க்கப்படவில்லை. தேயிலை வாசமே இல்லை. காவலாளி ராமையா, ஹட்டன் பக்கத்து ஆள், வாசலில் எழுந்து நின்றார்.

"ஹாஜியார் மௌத்தாகிட்டாருங்க. மெட்ராஸ்லயே அடக்கம். ரெண்டு வாரமாச்சு. மகன்மாரு எல்லாத்தையும் மூடிட்டுப் போயிட்டாங்க."

"அப்ப போன் அடிக்கிறது ஆர்?"

"நான்தாங்க. 'நான் வர்ற வரைக்கும் பத்து மணிக்கு ரெண்டு தரம் அடிச்சு வை, அவங்க மெஷின் நிக்கக்கூடாது'ன்னு சொல்லிட்டுப் போனாரு. நிறுத்தச் சொல்ல யாரும் வரலீங்களே."

எனக்குச் சிரிப்பு வந்தது. ராமையா இன்னும் முடிக்கவில்லை. "அதுவும் போன வெள்ளிக்கிழமையோட முடிஞ்சுதுங்க. லைனை வெட்டிட்டாங்க."

அங்கிருந்த ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை.

ஆனால் அந்த வெள்ளிக்குப் பிறகு வந்த திங்களும் பத்து மணிக்கு எங்கள் தொலைபேசி அடித்தது. செவ்வாயும் அடித்தது. அன்று காலையும் அடித்தது. நான் அதற்குப் பக்கத்தில்தான் இருந்தேன்.

எல்லாவற்றையும் முதலாளியிடம் சொன்னேன். மகன்மாரின் வீட்டுக்கு அடித்துப் பார்த்தார்; ஒருவரும் எடுக்கவில்லை. அன்றைக்கே புதுக்கடைக்குப் போய், பின்னேரம் திரும்பி வந்தார். "எழுத்து இருக்கா எண்டு லோயர் கேட்டான். மணி இருக்கு எண்டு சொன்னன். சிரிக்கிறான்."

மறுநாள் பத்து மணிக்கு இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பன்னிரண்டு பேரும் தொலைபேசி மேசையைச் சுற்றி நின்றோம். அடித்தது. ஒன்று. இரண்டு. நின்றது. பசை பூசும் அந்தோனியம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

"முதலாளி, இனி அடிச்சா எடுத்துப் பாப்பமா?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் தொடக்கூடாது. ரெண்டுதானே அடிச்சது?" முதலாளி இயந்திரத்தைக் காட்டினார். "வெட்டுங்கோ."

ஒரு லொறிக்குத்தான் அட்டை மிச்சம் இருந்தது. அதையும் வெட்டி அனுப்பினோம். அடுத்த நாள் மணி அடிக்கவில்லை. பிறகு ஒருநாளும் அடிக்கவில்லை.

அச்சு பழைய இரும்புக்குப் போனது. ஆட்கள் ஒவ்வொருவராகச் சிதறினார்கள். வேலைத்தலம் இருந்த இடத்தில் இப்போது மாடிக் குடியிருப்பு. ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஒருவருக்கொருவர் கட்டுப்பட்டிருந்த அந்த மாதிரி முதலாளிமாரும் இப்போது இல்லை. அது நல்லதா கெட்டதா என்று சொல்ல எனக்குப் படிப்புக் காணாது.

இதுவரை உங்கள் அம்மாவிடமும் சொல்லாத ஒன்று. வேலைத்தலத்தைப் பூட்டிய மறுநாள் நான் தனியே ஒருகொடவத்தைக்குப் போனேன். ராமையா இல்லை. கேற்றில் பூட்டு. சுனில் உள்ளே போகப் பயந்து, கடைசிப் பெட்டிகளை மதிலோரம் இறக்கிவிட்டுப் போயிருந்தான். மழை தூறத் தொடங்கியது. எவருக்கும் வேண்டாத பெட்டிகள்தான். ஆனாலும் என் மழைக்கோட்டைக் கழற்றி, மூடக்கூடிய அளவுக்கு மூடி, நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டு நனைந்துகொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.